சிறு தோட்டம், மூன்று திராட்சை, கொஞ்சம் பாட்டில்: இத்தாலியக் கலவைச் சிவப்பு ஒயின் எப்படி உருவாகிறது

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியேனா நகருக்கு வடக்கே, ராடா இன் கியாந்தி என்ற மலையூர் இருக்கிறது. அதை ஒட்டி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 425 மீட்டர் உயரத்தில் இருப்பது மோன்டெவெர்டினே தோட்டம். தோட்டத்தின் பெயரிலேயே வரும் சிவப்பு ஒயினில் 90 சதவீதம் சான்ஜொவேஸே திராட்சை. மீதி 10 சதவீதம் கனயோலோ, கொலொரீனோ என்ற இரண்டு உள்ளூர் வகைகள். இப்படி ஒரு பாட்டிலை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒரே திராட்சையில் செய்யாமல் எதற்காகக் கலக்கிறார்கள்? இவ்வளவு பேர் கேட்கும்போது எதற்காகக் கொஞ்சமாகச் செய்கிறார்கள்? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எதைச் சேர்ப்பது, எதை விலக்கி வைப்பது என்ற முடிவு கொடியில் தொடங்கிப் பீப்பாய் வரை ஓயாமல் நடக்கிறது. அந்த முடிவுகளின் கணக்குத்தான் பாட்டில் எண்ணிக்கை.

கலவை என்றதும் மிச்சம் மீதியை ஒன்றாக ஊற்றுவது என்று நினைத்துவிட வேண்டாம். விலை மலிவான ஒயின்களில் அப்படியும் நடப்பதுண்டு. நல்ல தோட்டத்தில் ஒரு திராட்சையிடம் இல்லாததை இன்னொன்றிடமிருந்து வாங்கிக்கொள்ளத்தான் கலக்கிறார்கள். சான்ஜொவேஸேயை எடுத்துக்கொண்டால், அது தாமதமாகப் பழுக்கும், அமிலம் அதிகம், துவர்ப்பைத் தரும் டானின் அழுத்தமாக இருக்கும், நிறம் மட்டும் வெளிறியே இருக்கும். புளிப்புச் செர்ரி, காய்ந்த மூலிகை, சில ஆண்டு போனால் பதப்படுத்திய தோல், புகையிலை என்று மணம் விரியும். குறை எங்கே என்றால், இளமையில் அது விறைப்பானது. முதல் மடக்கில் ஈறைப் பிடித்து இழுக்கும். கனயோலோ அந்த விறைப்பைத் தளர்த்துகிறது. அதற்கு அமிலம் குறைவு, டானினும் மென்மை. கொலொரீனோவின் தோல் தடிமனானது, பழம் சிறியது, சாறு அடர்ந்த ஊதாவாக இறங்கும். அதனால் 5 சதவீதம் சேர்த்தாலே நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். அதிகமாகப் போனால் சான்ஜொவேஸேயின் நறுமணத்தின் மேல் ஒரு கரடுமுரடான துவர்ப்பு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

டஸ்கனியின் கடற்கரைப் பக்கம் போனால் கலவையின் தர்க்கமே வேறு. காஸ்தன்யெட்டோ கார்துச்சி அருகே உள்ள கிரட்டமாக்கோ தோட்டம் 1977இல் தொடங்கப்பட்டது. அதன் முதன்மை ஒயினில் 65 சதவீதம் கேபர்னே சோவின்யோன், 20 சதவீதம் மெர்லோ, 15 சதவீதம் சான்ஜொவேஸே. இங்கே முதுகெலும்பு கேபர்னே. நாக்கின் நடுப்பகுதியில் அது கொஞ்சம் வெறுமையாக உணரப்படும். அந்த இடத்தை மெர்லோவின் சதைப்பற்று நிரப்புகிறது. கடலோரச் சூட்டில் பழுத்த இரண்டு பிரெஞ்சு வகைகளுக்கும் சான்ஜொவேஸே புளிப்பின் பொலிவைத் தருகிறது. ஒரே சான்ஜொவேஸே, மலையில் தலைவன், கடலோரத்தில் துணைவன்.

கலவைக்கு இன்னொரு காரணமும் உண்டு: வானிலைக் காப்பீடு. கிரட்டமாக்கோ இருக்கும் போல்கெரி வட்டாரத்தில் மெர்லோ ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் வாரங்களிலோ பறிபடும். கேபர்னே செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் வரை நிற்கும். செப்டம்பர் நடுவில் பெருமழை வந்தால் மெர்லோ ஏற்கெனவே தொட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஆகஸ்டில் அனல் அடித்து மெர்லோ வதங்கினால், கேபர்னேவுக்கு இன்னும் ஒரு மாதம் அவகாசம் இருக்கும். ஒரே வகையை மட்டும் நட்ட சிறு தோட்டத்துக்கு இந்த வசதி இல்லை.

சட்டமும் தோட்டமும் மோதிய கதை

இத்தாலியில் எந்த ஊர்ப் பெயரில் எந்தத் திராட்சையை எவ்வளவு சேர்க்கலாம் என்பதைச் சட்டம் சொல்கிறது. ராடாவைச் சுற்றியுள்ள மலைப்பகுதியின் பெயரில் வரும் கியாந்தி ஒயினுக்கு ஒரு கலவை முறையைப் பெத்தினோ ரிக்காசோலி 1872இல் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தார். சான்ஜொவேஸே மணமும் வீரியமும் தரும்; கனயோலோ அதன் கடுமையைத் தணிக்கும்; வெள்ளைத் திராட்சையான மால்வாசியா ஒயினை இளக்கும், ஆனால் நாள்பட வைக்கும் ஒயினுக்கு அதைத் தவிர்க்கலாம் என்பது அதன் சாரம். கடைசி எச்சரிக்கை பிற்பாடு காணாமல் போயிற்று. 1967இல் வந்த கியாந்தி விதி 10 முதல் 30 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சை சேர்க்கச் சொன்னது. ட்ரெப்பியானோ என்ற வெள்ளை வகை ஏராளமாகக் காய்க்கும், அளவு பெருகும். சிவப்பு ஒயின் நீர்த்துப் போனதும் அதனால்தான்.

அதே 1967இல்தான் செர்ஜியோ மானெட்டி என்ற இரும்புத் தொழிலதிபர் விடுமுறை வீடாக மோன்டெவெர்டினேயை வாங்கினார். 2 ஹெக்டேரில் கொடி நட்டார். 1971 அறுவடையில் வந்த ஒயின் வெரோனாவின் வினித்தாலி கண்காட்சியில் கவனம் பெற்றது. அவர் தொழிலை விட்டுவிட்டு முழுநேரமும் தோட்டத்துக்கே வந்துவிட்டார். 1977இல் சான்ஜொவேஸே மட்டுமே கொண்ட லெ பெர்கோலே டோர்டே என்ற ஒயினைச் செய்தார். வெள்ளைத் திராட்சை இல்லாத அது விதிக்குப் பொருந்தாது. 1981இல் கியாந்தியின் பழைய மையப்பகுதியான கியாந்தி கிளாசிக்கோவின் உற்பத்தியாளர் கூட்டமைப்பிலிருந்தே தோட்டம் வெளியேறியது. ஆலோசகராக இருந்த ஜூலியோ கம்பெல்லி, ஆய்வுக்கூடக் காகிதத்தைவிடத் தன் நாக்கை நம்பியவர். சான்ஜொவேஸேயை ருசி பார்த்து எடைபோடுவதில் டஸ்கனியில் அவருக்கு இணை சொல்வது கடினம்.

பின்னால் விதிதான் இறங்கி வந்தது. 1984இல் வெள்ளைத் திராட்சையின் பங்கு மிகவும் குறைக்கப்பட்டது. 2006 அறுவடையிலிருந்து கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைக்கு இடமே இல்லை. இன்றைய விதி குறைந்தது 80 சதவீதம் சான்ஜொவேஸே கேட்கிறது. 100 சதவீதமும் இருக்கலாம். மோன்டெவெர்டினேயின் 90:10 கலவை இன்று அந்த விதிக்குள் தாராளமாக அடங்கும். ஆனாலும் தோட்டம் திரும்பப் போகவில்லை. பாட்டிலில் 'டஸ்கனி ஐ.ஜி.டி.' என்ற விரிந்த வட்டாரப் பெயர்தான் இருக்கிறது. ஆகவே லேபிளில் உள்ள தரவரிசை எழுத்துகளை மட்டும் பார்த்து ஒயினை எடைபோட்டால் ஏமாந்து போவோம். டி.ஓ.சி.ஜி. என்றால் விதி இறுக்கம், ஐ.ஜி.டி. என்றால் விதி தளர்வு. அதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது

இனி கணக்கு. இது எந்தத் தோட்டத்தின் புள்ளிவிவரமும் அல்ல. டஸ்கனியில் தரத்தைப் பார்க்கும் ஒரு சிறு தோட்டம் வழக்கமாக எப்படிக் கணக்குப் போடும் என்பதற்கு மாதிரி.

வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர், கொடிக்குக் கொடி 80 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் ஒரு ஹெக்டேரில் 5,000 கொடி நிற்கும். கொடிக்கு 1.2 கிலோ என்றால் 6,000 கிலோ திராட்சை. 100 கிலோவுக்குச் சுமார் 70 லிட்டர் ஒயின் தேறும். ஆக 4,200 லிட்டர். 3 ஹெக்டேர் இருந்தால் 12,600 லிட்டர். இரண்டு ஆண்டு பீப்பாயில் கிடக்கும்போது ஆவியாவதும் அடியில் வண்டலாகத் தங்குவதும் சேர்ந்து 7 சதவீதம் போனால் மிஞ்சுவது சுமார் 11,700 லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டிலில் அடைத்தால் 15,600 பாட்டில். இதில் மூன்றில் ஒரு பங்கு முதன்மை ஒயினுக்குத் தகுதியில்லை என்று இரண்டாம் ஒயினுக்குத் தள்ளினால் 10,400. உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

கொடிக்கு 1.2 கிலோ என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சான்ஜொவேஸே தாராளமாகக் காய்க்கும் வகை. விட்டுவிட்டால் ஒரு கொடியில் 10, 12 குலை, குலைக்கு 250 கிராம் என்று 2.5 கிலோவுக்குக் குறையாது. அத்தனையையும் பழுக்க வைக்கக் குளிர்ந்த ராடாவின் கோடைக்கு வலு போதாது. அக்டோபர் வந்தும் விதை பச்சையாகவே இருக்கும், டானின் கசக்கும். ஆகையால் ஜூலை கடைசியில், காய் நிறம் மாறத் தொடங்கும் சமயத்தில், பாதிக்கு மேற்பட்ட குலைகளை வெட்டி மண்ணில் போட்டுவிடுகிறார்கள். நாள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஜூன் மாதமே வெட்டினால் கொடி மிஞ்சிய காய்களைப் பெரிதாக ஊதிவிடும். எடை திரும்பி வந்துவிடும், அடர்த்தி வராது. நிறம் மாறும் சமயத்தில் எந்தக் குலை பின்தங்கி இன்னும் பச்சையாக இருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும், அதைத் தேர்ந்து வெட்டலாம்.

இவ்வளவும் நல்ல ஆண்டுக்கான கணக்கு. ஏப்ரலில் தளிர் வந்தபின் உறைபனி இறங்கினால் தொடக்கத்திலேயே அடி. 2017 ஏப்ரலிலும் 2021 ஏப்ரலிலும் டஸ்கனித் தோட்டங்கள் இதை அனுபவித்தன. அடுத்தது அடிச்சாம்பல் நோய். வெப்பநிலை 10 டிகிரியைத் தாண்டி, தளிர் 10 சென்டிமீட்டர் வளர்ந்து, ஒன்றிரண்டு நாளில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் முதல் தொற்று வரும் என்பது இத்தாலிய விவசாயிகளின் பழைய கணக்கு. அந்த மழைக்கு முன்பே செம்பு மருந்து அடித்திருக்க வேண்டும். பிறகு அடித்துப் பயனில்லை. இயற்கை வேளாண்மைத் தோட்டங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு என்று வரம்பு வைத்திருக்கிறது, அதாவது ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. 2023 போல மே, ஜூன் முழுக்க மழை கொட்டும் ஆண்டில் அதற்குள் சமாளிப்பது பெரும்பாடு. அந்த ஆண்டு மத்திய, தென் இத்தாலியில் பல தோட்டங்கள் விளைச்சலில் பெரும்பங்கை இழந்தன. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் கைகொடுக்கும். செப்டம்பர் மழையில் வரும் குலை அழுகலுக்கு மருந்து பெரிதாகக் கைகொடுக்காது. குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் காலை வெயில் படும் பக்கம் மட்டும் கிள்ளிக் காற்றோட்டம் விடுவதுதான் வழி. மேற்குப் பக்கமும் கிள்ளினால் பிற்பகல் வெயிலில் காய் வெந்துவிடும். காட்டுப்பன்றியைச் சொல்லாமல் விட முடியாது. கியாந்திக் காடுகளில் அவை மந்தை மந்தையாக இருக்கின்றன. பழுத்த குலை எது என்பது மனிதரைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும். மின்வேலி இல்லாத வரிசை ஓர் இரவில் காலியாகும்.

பெரிய நிறுவனத்துக்கு இப்படி ஒரு நிலத்தில் அடி விழுந்தால் இன்னொரு நிலத்திலிருந்து ஈடுகட்டலாம், வெளியே திராட்சையோ ஒயினோ வாங்கலாம். சொந்தக் கொடியில் மட்டும் செய்யும் சிறு தோட்டம் அந்த ஆண்டுப் பாட்டிலைக் குறைத்துக்கொள்கிறது, அல்லது முதன்மை ஒயினையே செய்யாமல் விடுகிறது. 2002, 2014 போன்ற மழை ஆண்டுகளில் டஸ்கனியின் பல தோட்டங்கள் அந்த முடிவை எடுத்தன. ஒரு தோட்டத்தைப் பற்றி நல்ல எண்ணம் வர வேண்டுமானால், அது எந்த ஆண்டுகளில் ஒயின் செய்யவில்லை என்று பாருங்கள். விளம்பர வாசகம் எதையும்விட அது நம்பகமான தகவல் என்பது எங்கள் எண்ணம்.

தொட்டிக்குள்

பறித்த குலைகள் 15 முதல் 20 கிலோ கொள்ளும் ஆழமில்லாத கூடைகளில் வரும். ஆழம் கூடினால் அடியிலுள்ளவை நசுங்கிச் சாறு கசியும். வெயிலில் அந்தச் சாறு தானாகவே நொதித்து வினிகர் வாசனை பிடிக்கும். காம்பு நீக்கும் எந்திரத்தில் போட்டு, பழத்தை லேசாகப் பிளந்து, தோலும் விதையும் சாறுமாகத் தொட்டியில் இறக்குகிறார்கள். ஒவ்வொரு வகையும் தனித்தனித் தொட்டியில்தான் போகும், ஏனென்றால் பழுக்கும் நாள் வேறு. பழைய காலத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்து ஒன்றாகவே நொதிக்க வைத்தார்கள். மணம் நன்றாக இணைந்துவிடும், ஆனால் ஒன்று பழுத்தும் இன்னொன்று பழுக்காமலும் தொட்டிக்குள் போய்விடும். பிறகு விகிதத்தைத் திருத்த வழியில்லை.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 சதவீத ஆல்கஹால் வரும். சாற்றில் 230 கிராம் இருந்தால் ஒயின் 13.5 சதவீதத்தில் நிற்கும். நொதிக்கும்போது தொட்டி சூடாகும். சிவப்பு ஒயினுக்கு 26 முதல் 30 டிகிரி வரை ஏற்றது. 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் செத்து நொதித்தல் பாதியில் நின்றுவிடும். மிஞ்சிய சர்க்கரையைப் பாக்டீரியா பிடித்துக்கொள்ளும், ஒயின் கெடும். மோன்டெவெர்டினேயில் பயன்படும் சிமெண்ட் தொட்டிகளுக்கு இதில் ஒரு நல்ல குணம் உண்டு. தடித்த சுவர் சூட்டை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்குகிறது, திடீர்த் தாவல் இல்லை.

கரியமில வாயு தோல்களை மேலே தள்ளி ஒரு கனத்த படலமாக மிதக்க விடும். இந்தப் படலம் காய்ந்தால் வினிகர்ப் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அதனால் நாளுக்கு இரண்டு முறையாவது அடியிலிருந்து சாற்றை இறைத்து மேலே ஊற்றி நனைக்கிறார்கள், அல்லது மரத்தடியால் படலத்தை அமுக்கிவிடுகிறார்கள். நிறம் முதல் வாரத்திலேயே பெரும்பாலும் இறங்கிவிடும். டானின் மெதுவாக இறங்கும். சான்ஜொவேஸேயைத் தோலோடு 25 நாள், 30 நாள் வைப்பதெல்லாம் டானினுக்காகத்தான். ஆனால் பழுக்காத விதை உள்ள ஆண்டில் அவ்வளவு நாள் வைத்தால் கசப்புத்தான் மிஞ்சும்.

பிறகு வடிகட்டி, மிஞ்சிய தோலைப் பிழிகிறார்கள். தானாக வடிந்த ஒயினும் பிழிந்து வந்த ஒயினும் தனித்தனியாக வைக்கப்படும். பிழிந்தது அடர்த்தி, துவர்ப்பு. பின்னால் கலவைக்குக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டால் அது உதவும். அடுத்ததாக மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற வேண்டும். இதற்கு 18 முதல் 22 டிகிரி வெப்பம் தேவை. நிலவறை நவம்பரில் குளிர்ந்துவிட்டால் இந்த மாற்றம் தூங்கிப் போய் அடுத்த வசந்தத்தில்தான் எழும். அது முடியாமல் பாட்டிலில் அடைத்துவிட்டால் உள்ளேயே தொடங்கி, ஒயினில் நுரை கட்டும்.

பாரிக் என்ற 225 லிட்டர் பீப்பாய் சரியாக 300 பாட்டில் கொள்ளும். புதிய பிரெஞ்சு ஓக் பாரிக் ஒன்றுக்கு 800 யூரோவுக்கு மேல் ஆகும். ஆக மரத்துக்கு மட்டும் பாட்டிலுக்குச் சுமார் 3 யூரோ. வனிலா, கிராம்பு, வறுத்த வாசனை எல்லாம் புது மரம் தருபவை. கேபர்னே, மெர்லோ இவற்றைத் தாங்கும். வெளிறிய, மெல்லிய சான்ஜொவேஸே மேல் இந்த வாசனை எளிதில் ஏறிக்கொண்டு அடையாளத்தை மறைத்துவிடும். மோன்டெவெர்டினே கலவை 24 மாதம் இருப்பது பெரிய ஸ்லவோனிய ஓக் பீப்பாய்களில். பீப்பாய் பெரிதாக ஆக, லிட்டருக்குப் படும் மரப்பரப்பு குறையும். பழைய மரத்தில் வாசனையும் தீர்ந்திருக்கும். மரத்தின் ருசி ஏறாமல், துளைகள் வழியே கசியும் காற்று மட்டும் டானினைப் பதப்படுத்துகிறது.

பீப்பாயில் கிடக்கும் நாளெல்லாம் வேலை உண்டு. ஒயின் ஆவியாகி மேலே இடைவெளி விழும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அதே ஒயினால் நிரப்பி மூட வேண்டும். விட்டுவிட்டால் வினிகர் அமிலம் ஏறும். சட்டப்படி சிவப்பு ஒயினில் அது லிட்டருக்கு 1.2 கிராம் வரை இருக்கலாம், 0.7ஐத் தாண்டும்போதே மூக்குக்கு எட்டத் தொடங்கும். குதிரைலாய வாசனை வந்தால் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் குடியேறிவிட்டது என்று பொருள். ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபர் டையாக்சைடு அளவு குறைந்த, சரியாகக் கழுவாத பழைய பீப்பாயில்தான் அது வளரும். அழுகிய முட்டை வாசனை மட்டும் பயப்பட வேண்டியதல்ல. காற்று போதாததால் வருவது அது. வேறு கலனுக்கு மாற்றி ஊற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

கலக்கும் மேசை

கலக்கும் நாளில் மேசை மேல் இருப்பவை: ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் எடுத்த மாதிரி பாட்டில்கள், மேலே பீப்பாய் எண் எழுதிய துண்டு நாடா, 100 மில்லி அளவுக் குழாய், ஒரு பிப்பெட், ஒரே மாதிரியான கண்ணாடிகள், எழுதுவதற்கு ஒரு நோட்டு. 100 மில்லிக் குழாயில் 1 மில்லி என்பது 1 சதவீதம். நாளை 5,000 லிட்டர் தொட்டியில் அதே 1 சதவீதம் 50 லிட்டராகிவிடும். அதனால் கண்மதிப்பாக ஊற்றும் பேச்சே கிடையாது.

முதல் வேலை விலக்குவது. ஒவ்வொரு மாதிரியையும் தனியாக முகர்ந்து, ருசித்து, குறையுள்ள பீப்பாயை ஒதுக்குகிறார்கள். குறையுள்ள ஒன்றை நிறைய நல்லதோடு கலந்தால் மறைந்துவிடும் என்று தோன்றும். பிரெட்டனோமைசிஸ் போன்ற நோய் மறையாது, பரவும். அடுத்து அடித்தளம்: நல்ல சான்ஜொவேஸே பீப்பாய்களை மட்டும் அவற்றின் கொள்ளளவு விகிதத்தில் சேர்த்து ஒரு மாதிரி. அதிலிருந்து நான்கைந்து கண்ணாடிகள். முதலாவதில் எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் 95 மில்லியோடு கனயோலோ 5. மூன்றாவதில் 90, 5, 5 என்று கொலொரீனோவும் சேரும். நான்காவதில் கொலொரீனோ 10. எந்தக் கண்ணாடி எது என்று ருசிப்பவருக்குத் தெரியாமல் வைக்கிறார்கள். சேர்க்காத முதல் கண்ணாடியை மறக்கக் கூடாது. சேர்த்ததைவிட அதுவே நன்றாக இருந்தால் அந்த ஆண்டு கலவை தேவையில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆல்கஹாலும் மொத்த அமிலமும் நேர்க்கணக்கில் வரும். 14 சதவீதக் கேபர்னே 65 பங்கு, 14.5 மெர்லோ 20 பங்கு, 13.5 சான்ஜொவேஸே 15 பங்கு என்றால் 9.1, 2.9, 2.0 கூட்டி 14 சதவீதம். நிறமும் துவர்ப்பும் மணமும் இப்படிக் கூட்டலுக்குள் வராது. 5 சதவீதத்தில் காணாத ஒன்று 7இல் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். இன்னொரு பொறி: தனித்தனியாகத் தெளிந்திருந்த இரண்டு ஒயின்கள் கலந்தபின் டார்டாரிக் உப்புப் படிகத்தைக் கீழே தள்ளலாம். ஆகவே கலந்த உடனே பாட்டிலில் அடைக்காமல் சில மாதம் தொட்டியில் விட்டு, குளிரவைத்துச் சோதித்துத்தான் அடைக்கிறார்கள். மேசையிலும் அவசரம் ஆகாது. கலந்த மாதிரியை மூடி வைத்து மறுநாள் திரும்ப ருசிப்பார்கள். முதல் நாள் மயக்கிய கலவை இரண்டாம் நாள் தட்டையாகிப் போவது சாதாரணம்.

ஒதுக்கிய பீப்பாய்கள் வீணாவதில்லை. மோன்டெவெர்டினேயில் பியான் டெல் சியாம்போலோ என்று ஓர் ஒயின் உண்டு. அதே மூன்று திராட்சை, சுமார் ஓராண்டுதான் மரத்தில். பல தோட்டங்களில் இளங்கொடிகளின் திராட்சையும் முதன்மைக்கு எட்டாத பீப்பாய்களும் இப்படி ஒரு இரண்டாம் ஒயினில் சேர்கின்றன. தொடக்கநிலையில் இருப்பவருக்கு எங்கள் பரிந்துரை எப்போதும் இந்த இரண்டாம் ஒயின்தான். விலை குறைவு, சீக்கிரம் குடிக்கலாம், தோட்டத்தின் கையெழுத்து அதிலும் இருக்கும்.

வாங்கும்போதும் திறக்கும்போதும்

லேபிளில் அறுவடை ஆண்டு போட்டிருந்தால் ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டுத் திராட்சையாக இருக்க வேண்டும். தோட்டத்திலேயே விளைந்து அங்கேயே அடைத்தது என்று குறிக்க 'இம்போத்திலியாத்தோ அல்லோரிஜினே' என்ற சொற்றொடரைத் தேடுங்கள். வெறுமனே இத்தாலியில் அடைத்தது என்று மட்டும் இருந்தால் ஒயின் எங்கிருந்தும் வந்திருக்கலாம். 'ரிசேர்வா' என்ற சொல்லுக்கு கியாந்தி கிளாசிக்கோவில் 24 மாதம் என்று சட்டப் பொருள் உண்டு. 'குறைந்த உற்பத்தி' என்ற வாசகத்துக்குச் சட்டப் பொருள் எதுவும் இல்லை. இரண்டாயிரம் பாட்டிலுக்கும் போடலாம், இரண்டு லட்சத்துக்கும் போடலாம். எத்தனை ஹெக்டேர், எத்தனை பாட்டில் என்று கேளுங்கள். ஹெக்டேருக்கு 5,000 பாட்டில் அருகே விடை வந்தால் மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது. 10,000ஐ நெருங்கினால் கொடியில் அவ்வளவாக வெட்டவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

வெப்பம்தான் இந்த ஒயின்களுக்கு முதல் எதிரி. 12 முதல் 14 டிகிரியில், இருட்டில், பாட்டிலைப் படுக்க வைத்தால் தக்கை காயாது. 30 டிகிரி அறையில் ஒரு கோடையைக் கழித்த பாட்டிலில் வெந்த பழ வாசனை வந்துவிடும். தக்கை மேலே தள்ளியிருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ வாங்க வேண்டாம். தனி வசதி இல்லாதவர்கள் வாங்கிய சில வாரங்களுக்குள் குடித்துவிடுவதே நல்லது. அதுவரை சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு போதும்.

பரிமாற 16 முதல் 18 டிகிரி. வெப்பமான ஊரில் 'அறை வெப்பம்' என்ற பேச்சு எடுபடாது. 25 டிகிரியில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். குளிரிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்தால் சரியாக வரும். ஐந்து வயதுக்குட்பட்ட சான்ஜொவேஸே கலவையை ஒரு மணி நேரம் முன்பே அகன்ற ஜாடியில் ஊற்றி வைக்கலாம். 15, 20 ஆண்டு ஆனதை அப்படிச் செய்யக் கூடாது. மென்மையான பழைய மணம் காற்றில் கரைந்துவிடும். முதல் நாள் பாட்டிலை நிறுத்தி வைத்து வண்டலை அடியில் இறங்க விட்டு, மெதுவாக ஊற்றினால் போதும்.

கலவையை உணர்ந்து பழக வேண்டுமானால் ஒரே வட்டாரத்தில், ஒரே ஆண்டில், சான்ஜொவேஸே மட்டுமே கொண்ட ஒரு பாட்டிலையும் கனயோலோ, கொலொரீனோ சேர்ந்த ஒரு பாட்டிலையும் அருகருகே திறங்கள். வெள்ளைத் துணி மேல் கண்ணாடியைச் சாய்த்து முதலில் விளிம்பு நிறத்தைப் பாருங்கள். பிறகு ஒரு மடக்கு குடித்து, விழுங்கியபின் மேல் ஈறில் எவ்வளவு நேரம் துவர்ப்பு நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு ஆலிவ் எண்ணெயும் உப்பும் போட்ட ரொட்டி ஒரு துண்டு, அல்லது பெக்கொரீனோ பாலாடைக்கட்டி கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, இரண்டையும் மறுபடி குடித்துப் பாருங்கள். கொழுப்பும் உப்பும் சேர்ந்ததும் துவர்ப்பு எதில் அதிகமாக அடங்குகிறது, புளிப்பு எதில் நிற்கிறது என்பது அப்போது பிரிந்து தெரியும்.